இறக்கிய மணி எழுதாத கள்

போன மாதம் என் மகன் காரில் உச்சிப்புளி தாண்டி வந்துகொண்டிருந்தோம். வழியில் ஒரு போலீஸ்காரப் பிள்ளை கையைக் காட்டி நிறுத்தி, மகன் வாயில் ஒரு குழாயை வைத்து ஊதச் சொன்னார். ஊதினான். சின்னக் கண்ணாடியில் சைபர் வந்தது. "போங்க சார்" என்றார். நான் பின் சீட்டிலிருந்து தலையை நீட்டி, "தம்பி, இந்த மிஷின் சரியா அளக்குதான்னு கடைசியா எப்பப் பாத்தாங்க?" என்று கேட்டேன்.

"சைபர்தானே அய்யா வந்திருக்கு. அப்புறம் என்ன?"

"சைபர் வந்தாலும் கேக்கணும்ல."

மகன் வண்டியைக் கிளப்பிவிட்டான். வீட்டு வாசலில் இறங்கும்போது, "எண்பது வயசுல போலீஸ் ஸ்டேஷன் பாக்கணும்னு ஆசையாப்பா உங்களுக்கு?" என்றான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தக் கேள்வியைக் கேட்காமல் எந்த எண்ணையும் நம்ப என்னால் முடியாமல் போனது ஏன் என்று நான் அவனிடம் சொன்னதே இல்லை. பெருமைப்படுகிற கதையாக இருந்தால் எப்போதோ சொல்லியிருப்பேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சிக்கலுக்குப் பக்கத்தில் மானாவாரி நெல்லும் குண்டு மிளகாயும் போடுகிற குடும்பம். எஸ்.எஸ்.எல்.சி. தேறியதும் மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு வருஷம் பரிசோதனைக்கூட வேலை பழகினேன். முதல் நான்கு மாதம் கண்ணாடிக் குழாய் கழுவியதுதான் படிப்பு. பிறகு ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

பரிசோதனைக்கூடம் என்றால் ஓர் அறை, ஒரு ஜன்னல், ஒரு மைக்ராஸ்கோப், நான். சளி, மலம், மூத்திரம், மலேரியா ரத்தம் இவைதான் அன்றாடம். அத்தோடு மதுவிலக்கும் சேர்ந்துகொண்டது. எங்கள் ஜில்லாவில் மதுவிலக்கு வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. குடித்தவன் என்று போலீஸார் ஆளைக் கூட்டிவருவார்கள். டாக்டர் வாயை முகர்ந்து, கண்மணியைப் பார்த்து, தரையில் போட்ட கோட்டின் மேல் நடக்கவிட்டு எழுதிக் கொடுப்பார். ஆள் ஒரேயடியாக மறுத்தால் ரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்புவோம். அங்கிருந்து, ரத்தத்தில் இவ்வளவு ஆல்கஹால் என்று ஓர் எண் மட்டும் வரும். எதைக் குடித்தான், எவ்வளவு குடித்தான் என்று கோர்ட்டு கேட்கும். அதை நாங்கள் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும்.

அந்தக் கணக்குக்கு மூன்று விஷயம் வேண்டும். ஆளின் எடை, குடித்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பது, குடித்த சரக்கின் பலம். எங்களிடம் இருந்த தடிப் புத்தகத்தில் பீர், ஒயின், விஸ்கி எல்லாவற்றுக்கும் பட்டியல் இருந்தது. கள்ளுக்கு இல்லை. சீமையில் உட்கார்ந்து எழுதியவருக்குக் கள்ளைப் பற்றி என்ன தெரியும்?

அந்த எண்ணை நான் கண்டுபிடித்தேன். இருபத்திரண்டு வயது, வேலைக்கு வந்த முதல் வருஷம். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கைப்பற்றிய கள் என்று மூன்று பாட்டில் வந்தன. மூன்றையும் காய்ச்சி வடித்து, பலம் காட்டும் மிதவைமானி போட்டுப் பார்த்தேன். மூன்றிலும் நூற்றுக்கு ஆறு பங்கு ஆல்கஹால். மூன்று வெவ்வேறு ஊர்க் கள், ஒரே விடை. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரு கெட்டி அட்டையில் 'கள் – நூற்றுக்கு ஆறு' என்று நல்ல மையில் எழுதி, மேஜைக்கு மேலே சுவரில் அடித்தேன். அப்போதிருந்த டாக்டர் பார்த்துவிட்டு, "பேஷ், வேலை சுளுவாயிடுச்சு" என்றார்.

அந்த அட்டையை வைத்து நான் கணக்குப் போட்ட முதல் ஆள் முத்துக்கருப்பன். விவசாயக் கூலி. எங்கள் ஊருக்கு அடுத்த ஊர். என்னைப் பார்த்ததுமே, "நீ இன்னாரு மகன்தானப்பா?" என்று அடையாளம் கண்டுகொண்டார். களத்து மேட்டில் விழுந்து கிடந்தார் என்று பிடித்து வந்திருந்தார்கள். வெயிலில் மயங்கி விழுந்தேன், குடித்தது பதநீர்தான் என்று அவர் சாதித்தார். பதநீரும் அதே பனையில் இறங்குவதுதான். பானையின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் பதநீர், சட்டம் அனுமதிக்கும். தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும், ஜெயில்.

"எம் மக தலைமேல சத்தியமாச் சொல்றேன்பா. ஒத்தப் பொம்பளப் புள்ள எனக்கு. பதனிதான் குடிச்சேன்" என்றார் என் கையைப் பிடித்துக்கொண்டு.

ரத்தத்தில் ஆல்கஹால் இருந்தது. பதநீரில் ஆல்கஹால் கிடையாது. என் எண்ணின்படி ஒன்றரைப் பட்டைக் கள் என்று கணக்கு வந்தது. பட்டை என்பது குடிப்பதற்கு மடித்துக் கட்டும் பனையோலைக் குடுவை, ஓர் உழக்குப் பிடிக்கும். பொய்ச் சத்தியம் செய்கிற ஆள் என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது. அவருக்கு இரண்டு மாதம் போட்டார்கள். அன்று நான் நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கினேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

அடுத்த வருஷம் டாக்டர் ரஹீம் மாற்றலாகி வந்தார். கீழக்கரைக்காரர். ஒல்லியான ஆள். கோட்டுப் பையில் சங்கிலி போட்ட கடிகாரம். எதைச் சொன்னாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை மணிக்கு?"

"நேத்து காய்ச்சல் வந்துச்சு சார்." எத்தனை மணிக்கு? "டீ கொண்டாந்துட்டேன் சார்." எத்தனை மணிக்குப் போட்டது? ஆஸ்பத்திரித் தோட்டக்காரர் தன் மகள் வயதுக்கு வந்துவிட்டாள் என்று வெட்கத்தோடு லீவு கேட்டபோதும் அதே கேள்விதான். எங்கள் எல்லோருக்கும் அவர் மணி டாக்டர். அவருக்கும் அது தெரியும். ஒருமுறை நான் கண்ணாடி கழுவிக்கொண்டே ஆயாவிடம் "மணி டாக்டர் வந்தாச்சா?" என்று கேட்க, பின்னாலிருந்து "எட்டு அஞ்சுக்கு வந்தாச்சு" என்று பதில் வந்தது.

குடித்த கேஸில் ரத்தம் எடுப்பதை அவர் ஒரு தொழுகையைப் போலச் செய்வார். ஊசி குத்தும் இடத்தில் ஸ்பிரிட் படக்கூடாது. சோப்புத் தண்ணீர், பிறகு கொதித்து ஆறிய தண்ணீர், அவ்வளவுதான். "நாமளே ஆல்கஹாலைத் தடவிட்டு அவன் குடிச்சான்னு எழுதுறதா?" என்பார். பாட்டிலில் ஒரு சிட்டிகை புளோரைடு உப்பு. அது இல்லாவிட்டால் எங்கள் ஊர் வெயிலில் சென்னை போய்ச் சேருவதற்குள் ரத்தமே கெட்டுப் புளித்துவிடும். கார்க்கு, அதன் மேல் துணி, நூல், அரக்கு, பித்தளை முத்திரை. லேபிளில் பெயர், மச்ச அடையாளம், தேதி, மணி, நிமிஷம். நிமிஷம் எழுதாத லேபிளைப் பார்த்தால் அவர் திட்டமாட்டார். பேசாமல் கிழித்துப் போட்டுவிட்டு, புது லேபிளை என் முன்னால் வைப்பார். அதற்குத் திட்டே வாங்கலாம்.

வந்த முதல் நாள் சுவரில் என் அட்டையைப் பார்த்தார்.

"இது யாரு அளந்தது?"

"நான்தான் சார்."

"நீ பனங்காட்டுப் பக்கத்துப் புள்ள. எனக்கு இந்தச் சாமானோட ருசியும் தெரியாது, குணமும் தெரியாது. நீ சொன்னாச் சரிதான் ஆறுமுகம்."

எல்லாவற்றுக்கும் மணி கேட்கிற மனிதர் அதற்கு மட்டும் கேட்கவில்லை. தெரியாத விஷயத்தில் தெரிந்தவனை நம்பினார். எனக்கோ பெருமை தாங்கவில்லை.

அதற்கடுத்த சித்திரையில் சாத்தையா வந்தார். தேவிபட்டினம் வழியாகத் திருப்பாலைக்குடி போகும் பஸ்ஸின் டிரைவர். குறுக்கே வந்த வண்டிமாட்டுக்கு ஒதுக்கப்போய், பஸ்ஸைப் பள்ளத்தில் இறக்கி ஒரு பனையில் மோதிவிட்டார். உப்பு வியாபாரி ஒருவருக்குக் கை முறிந்தது. ஓடி வந்தவர்களில் யாரோ, டிரைவர் மேல் கள் வாடை அடிக்கிறது என்றார். பிற்பகல் மூன்று மணிக்குப் போலீஸ்காரர் அவரைக் கூட்டிவந்து நிறுத்தினார். நெற்றியில் ரத்தம் காய்ந்திருந்தது.

டாக்டர் கோட்டின் மேல் நடக்கச் சொன்னார். நேராக நடந்தார். கண்மணி சரியாக இருந்தது. வாயில் இலேசாகப் புளித்த வாடை.

"மச்சினன் தோப்புல மூணு பட்டை பதனி குடிச்சேன் சார். நாப்பது உசிரைப் பின்னால வச்சு ஓட்டுறவன் கள்ளு குடிப்பனா?"

"எத்தனை மணிக்கு?"

"உச்சிக்கு மேல. ஒரு மணி இருக்கும் சார்."

எடை பார்க்க ஆஸ்பத்திரியில் சரியான தராசு இல்லை. ஸ்டோரில் அரிசி மூட்டை நிறுக்கும் தராசில் அவரை ஏற்றி உட்காரவைத்தோம். அந்த நிலையிலும், "எடை குறைஞ்சா திருப்பி அனுப்பிருவீகளா?" என்று கேட்டார் மனிதர். ரத்தம் எடுத்து அனுப்பினோம். மூன்று வாரத்தில் சென்னையிலிருந்து எண் வந்தது. குறைவான எண்தான், ஆனால் சைபர் இல்லை. டாக்டர் பென்சிலால் கணக்குப் போட்டார். என் அட்டையின் ஆறை வைத்துப் பார்த்தால், ஒரு பட்டைக் கள்ளுக்குக் கொஞ்சம் மேலே. மூன்று பட்டைப் பதநீர் குடித்ததாகச் சொன்னது பொருந்தாது, ஏறக்குறைய ஒரு பட்டைக் கள் குடித்திருக்கிறார் என்று மையால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பஸ் முதலாளி சாத்தையாவை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார். கோர்ட்டில் ருசுவாகிவிட்டால் லைசென்ஸும் போய்விடும். வேறு தொழில் தெரியாத ஆள்.

விசாரணைக்குப் பத்து நாள் இருக்கையில் அவர் மனைவி பஞ்சவர்ணம் ஒரு தூக்குவாளியோடு வந்து நின்றார். தேவிபட்டினம் பக்கத்திலிருந்து நடந்தே வந்திருந்தார். தன் புருஷன் ஓட்டிய பஸ்ஸில் இன்னொருவர் ஓட்ட, ஏறி உட்கார மனசு வரவில்லையாம்.

"இதான் சார் அன்னைக்கு அவுக குடிச்சது. எங்கண்ணன் காளிமுத்து விடியக்கால இறக்குனது. நாங்க சொன்னா நம்ப மாட்டீக. நீங்களே குடிச்சுப் பாருங்க, பதனியா கள்ளான்னு."

மூடியை நான் திறந்தேன். நுரை பொங்கி விளிம்புக்கு வந்தது. வாடை என் மூக்கில் ஏறியது. பஞ்சவர்ணத்தின் முகம் வெளுத்துவிட்டது.

"காலையில தேனா இருந்துச்சே. என் கையால ஊத்துனேனே."

போலீஸ்காரர் யாராவது அப்போது உள்ளே வந்திருந்தால் அவரையும் பிடித்துக்கொண்டு போயிருப்பார். டாக்டர் வாளியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "இறக்கும்போது எத்தனை மணி இருக்கும்மா?" என்று கேட்டார். சூரியன் கிளம்புகிற நேரம் என்றார் அவர். டாக்டர் ஒரு காகிதத்தில் '6 – 12.40' என்று எழுதி வாளிப் பக்கத்தில் வைத்துவிட்டு, "அளந்து பாரு ஆறுமுகம்" என்றார்.

வடித்து முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. பஞ்சவர்ணம் சுவரோரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சொட்டுச் சொட்டாக விழுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மிதவைமானி போட்டேன். நூற்றுக்கு இரண்டே கால். தப்பாக இருக்குமென்று மறுபடி போட்டேன். இரண்டே கால்தான். சாத்தையாவின் கணக்கை எடுத்து, ஆறு இருந்த இடத்தில் இரண்டே காலை வைத்துப் போட்டுப் பார்த்தேன். மூன்று பட்டை வந்தது.

டாக்டர் என் தோளுக்கு மேலாகக் கணக்கைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து சுவரிலிருந்த அட்டையைப் பார்த்தார்.

"அந்த மூணு பாட்டிலும் மரத்துலேந்து இறக்கி எவ்வளவு நேரம் கழிச்சு அளந்தே?"

"ஸ்டேஷன்லேர்ந்து வந்தது சார்."

"அங்கே எத்தனை நாள் இருந்துச்சு?"

"தெரியாது சார். நாலு நாள், அஞ்சு நாள் இருக்கும். நான் கேக்கலை சார்."

அதனால்தான் மூன்றும் ஒன்றுபோல் ஆறு. கார்க்கு அடைத்து நாள்கணக்கில் கிடந்தால் எந்த ஊர்க் கள்ளும் புளிக்கிற மட்டும் புளித்து அந்த இடத்தில் போய் நின்றுவிடும். விடை ஒன்றாக வந்ததையே நான் உண்மைக்கு அடையாளமாக எடுத்துக்கொண்டேன். விடியற்காலைக் கள்ளும் அந்திக் கள்ளும் ஒன்றல்ல என்று எங்கள் ஊரில் ஆடு மேய்க்கிறவருக்குத் தெரியும். மதுவிலக்குக்கு முன்னால் எங்கள் அய்யா காலையில் ஒரு பட்டை குடிப்பார், அந்திக் கள்ளைத் தொடமாட்டார். "மறுநா ஏர் கட்டணும்ல" என்பார். அதைக் கேட்டு வளர்ந்தவன் நான். கையில் மிதவைமானி வந்ததும் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன். கீழக்கரை டாக்டருக்குத் தெரியாமல் போனதில் நியாயம் இருக்கிறது. எனக்கு என்ன நியாயம்?

டாக்டர் தடிப் புத்தகத்தை எடுத்துப் பீர்ப் பட்டியலைப் பிரித்தார். அதன் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. பீரின் பலம் காய்ச்சுகிற இடத்துக்கு இடம் மாறும், ஆகையால் அந்தந்த ஆள் குடித்த பீரையே அளந்து கணக்கிட வேண்டும் என்பது அதன் சாரம். இத்தனை நாளாக நாங்கள் புரட்டிய பக்கம் அது. டாக்டர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு நாற்காலியில் ஏறி அட்டையைக் கழற்றினார்.

"இந்த ரூம்ல எல்லாத்துக்கும் மணி எழுதியிருக்கு. இது ஒண்ணுக்குத்தான் இல்ல. நானும் தினம் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்" என்றார். ஒரு திட்டு இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, அந்தத் தோப்புக்கு எந்தப் பஸ் போகும் என்று பஞ்சவர்ணத்திடம் விசாரிக்க ஆரம்பித்தார்.

இந்த வாளியை மட்டும் கோர்ட்டுக்குக் கொண்டுபோக முடியாது. வேண்டுமென்றே கள் கலந்தார்கள் என்று சொல்லிவிடுவார்கள். அதனால் தோப்பிலேயே, மதுவிலக்கு இன்ஸ்பெக்டரை வைத்துக்கொண்டு, விடியற்காலையிலிருந்து மணிக்கு மணி அளப்பது என்று முடிவாயிற்று. கள்ளைக் கையில் வைத்திருக்க எங்களுக்கு உத்தரவுச் சீட்டு வேண்டும். டாக்டர் மூன்று கடிதம் எழுதி அதை வாங்கினார். மதுவிலக்கு ஆபீசில், "மணி டாக்டர் கள்ளு கேக்குறாரு" என்று ஒரு வாரம் சிரித்தார்களாம்.

காளிமுத்து முந்தின அந்தியிலேயே பானைகளைக் கட்டியிருந்தார். பஞ்சவர்ணத்தின் அண்ணன், பனையேறி, வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசாதவர். விடிந்ததும் நான்கு பானை இறக்கி இன்ஸ்பெக்டர் முன்னால் வரிசையாக வைத்தார். உள்ளே சுண்ணாம்பு வெள்ளையடித்த சுவராக அப்பியிருந்தது. ஆறு மணிக்கு அளந்தேன், ஒன்றுமில்லை. ஏழு, எட்டு, ஒன்பது, ஒன்றுமில்லை. பத்து மணிக்கு இன்ஸ்பெக்டருக்குத் தாகம். பட்டையைக் கையில் வாங்கி வாய் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தி, "ஏம்பா, இப்ப இதுல எவ்வளவு இருக்கு?" என்று என்னைக் கேட்டார். சைபர் என்று எழுதிக் காட்டிய பிறகுதான் குடித்தார்.

பதினொன்று, பன்னிரண்டு. அப்போதும் சைபர்தான். பஞ்சவர்ணம் ஒவ்வொரு முறையும் என் முகத்தைப் பார்ப்பார். நான் இல்லை என்று தலையசைப்பேன். அவர் புருஷனுடைய லைசென்ஸ் அந்தக் கண்ணாடிக் குழாயில் ஒவ்வொரு மணியாகப் போய்க்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் நோட்டை மூடிவிட்டார். டாக்டர் சற்றுத் தள்ளிப்போய் ஓலைப்பாயில் லுஹர் என்கிற உச்சி நேரத் தொழுகையை முடித்துவிட்டு வந்தார்.

அவர் வந்து உட்கார்ந்ததும், காளிமுத்து ஒரு புதருக்குப் பின்னாலிருந்து ஈர ஓலை போட்டு மூடிய இன்னொரு பானையை மெதுவாகத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"சார், காலையிலேர்ந்து பச்சத்தண்ணி பல்லுல படாம உக்காந்திருக்கீக. இது உங்களுக்குன்னு ஒத்தப் பனையில தனியாக் கட்டுனது. இதுல சுண்ணாம்புக் காறல் இருக்காது."

டாக்டர் கையை நீட்டவில்லை. "ஏன் இருக்காது?"

"விருந்தாளிக்குக் கட்டுற பானைக்கு விரலால ஒரே இழுப்புத்தான் சார் தடவுவோம். காறுச்சுன்னா நல்லா இருக்காதுல்ல."

டாக்டர் என்னைப் பார்த்தார், நான் பானையைப் பார்த்தேன். டாக்டர் குரலைத் தணித்து, "ஒம் மாப்பிள்ளைக்கும் இப்படித்தான் கட்டுவியா?" என்று கேட்டார்.

அப்போதுதான் காளிமுத்துவுக்குத் தான் சொன்னது உறைத்தது. பக்கத்தில் இன்ஸ்பெக்டர். சுண்ணாம்பு குறைத்தேன் என்று சொன்னால் அவருடைய பதநீர் லைசென்ஸே போய்விடலாம். தங்கச்சியைப் பார்த்தார். பஞ்சவர்ணம் கெஞ்சவில்லை, அண்ணனைப் பார்த்தபடியே நின்றார்.

"ஆமா சார்" என்றார் காளிமுத்து. "இன்ஸ்பெக்டரய்யா பாக்குற பானைக்கு நல்லா அப்புவேன். மாப்பிள்ளைக்கு இப்பிடித்தான். தங்கச்சி புருஷன்ல. அன்னைக்கும் இதே மாதிரிதான் கட்டுனேன். அது இப்பிடி மாறும்னு நெனக்கல. காலையில இனிச்சுச்சு."

ஒரு மணிக்கு அந்தப் பானையை அளந்தேன். நூற்றுக்கு இரண்டே கால். இன்ஸ்பெக்டர் தானே குனிந்து மிதவைமானியைப் படித்தார். டாக்டர் மணியையும் நிமிஷத்தையும் எழுதி, இன்ஸ்பெக்டரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, காளிமுத்துவைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு.

"ஏலே, பிரியத்துல எனக்கே கள்ளு ஊத்தப் பாத்தியேப்பா. வாப்பா மௌத்தாகி இருபது வருசமாச்சு, கபுர்லேந்து எந்திரிச்சு வந்து அடிச்சிருப்பாக."

இன்ஸ்பெக்டரும் நல்ல மனிதர். இனிமேல் எல்லாப் பானைக்கும் ஒரே மாதிரி சுண்ணாம்பு என்று எழுதி வாங்கிக்கொண்டு காளிமுத்துவை விட்டுவிட்டார்.

கோர்ட்டில் டாக்டர் கூண்டில் ஏறியதும் முதல் வேலையாகத் தன் பழைய அபிப்பிராயத்தை வாபஸ் வாங்கினார். அரசுத் தரப்பு வக்கீலுக்குக் கோபம்.

"நீங்கள் கள் குடித்ததுண்டா டாக்டர்?"

"இல்லை."

"பிறகு அதன் பலத்தைப் பற்றி எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்?"

"முன்பு உறுதியாகச் சொன்னதுதான் தப்பு. ஒரே எண்ணை எல்லாக் கள்ளுக்கும் வைத்துக்கொண்டேன். இப்போது மணிவாரியாக அளந்த பட்டியலைத் தந்திருக்கிறேன்."

மாஜிஸ்டிரேட் கண்ணாடியைக் கழற்றி, "அந்தப் பழைய எண்ணைக் கண்டுபிடித்தது யார்?" என்று கேட்டார். நான் பின் பெஞ்சில் இருந்தேன். எழுந்திருக்கத்தான் நினைத்தேன். பெஞ்சின் விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்தேன். டாக்டர் என் பக்கம் திரும்பவே இல்லை. "என் பரிசோதனைக்கூடத்தின் எண். என் பொறுப்பு" என்றார்.

குடித்து ஓட்டியதான குற்றத்திலிருந்து சாத்தையா விடுபட்டார். பஸ்ஸைப் பள்ளத்தில் இறக்கியதற்கு மட்டும் அபராதம். லைசென்ஸ் தப்பியது. வெளியே வந்து டாக்டரைக் கும்பிட்டார். டாக்டர், "உச்சி வெயில்ல பதனி குடிக்காதீங்க. குடிக்கிறதுனா காலையில ஏழு மணிக்குள்ள" என்று மருந்துச் சீட்டு சொல்வதுபோலச் சொல்லிவிட்டு நடந்தார்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் காலை டாக்டர் பழைய பதிவேடுகளை எடுத்து என் மேஜையில் வைத்தார். அந்த ஆறை வைத்துச் சொன்ன ஒவ்வொரு அபிப்பிராயத்தையும் தேடி எடுக்கச் சொன்னார். பெரும்பாலானவர்கள் கள்தான் குடித்தேன் என்று ஒப்புக்கொண்டவர்கள். கடைசிவரை பதநீர் என்று சொன்னவர் ஒரே ஒருவர், முத்துக்கருப்பன். அந்தப் பக்கத்தை டாக்டரிடம் காட்ட எனக்கு நெடுநேரம் ஆயிற்று.

அவர் வருவதற்கு முந்தைய கேஸ் அது. அவருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் பக்கத்தில் திருத்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனாவை என்னிடம் நீட்டி, "நீயும் போடு. சேர்ந்துதானே நம்புனோம்" என்றார். மேலிடத்துக்கும் ஒரு கடிதம் எழுதினார். பிறகு, "அந்த ஆளுக்கு யாரு சொல்றது?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துச் சிக்கலில் இறங்கி, கண்மாய்க் கரையோடு நடந்து போனோம். முத்துக்கருப்பன் வீட்டு முன்னால் வேப்பமர நிழலில் மிளகாய் வற்றலைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். இரண்டு வருஷத்தில் நன்றாக வயசாகிவிட்டிருந்தது. மகள் வாசலில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். பதினாறு, பதினேழு வயதிருக்கும். எங்களைப் பார்த்ததும் முறத்தை வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

டாக்டர் நின்றபடியே விவரத்தைச் சொன்னார். அன்று ஆஸ்பத்திரி போட்ட கணக்கு தப்பு, பதநீர் புளித்திருந்தாலும் அந்த எண் வரும், நீங்கள் சொன்னது உண்மையாக இருக்கலாம், மேலே எழுதியிருக்கிறேன் என்றார். முத்துக்கருப்பன் காம்பு கிள்ளுவதை நிறுத்தவில்லை.

"எனக்கு எதுக்கு டாக்டரய்யா இது? நான் குடிச்சது என்னான்னு எனக்குத் தெரியாதா?" என்றார். பிறகு தலையைத் தூக்காமல், "அவகிட்டச் சொல்லுங்க" என்றார். "அவ தலைமேல பொய்ச் சத்தியம் பண்ணிட்டேன்னு ரெண்டு வருசமா எங்கூடப் பேசுறதில்ல. அவுக ஆத்தா செத்த பெறகு நானும் அவளுந்தான் இந்த வீட்ல."

டாக்டர் அந்தப் பெண் பக்கம் திரும்பினார். நூற்றுக்கு இத்தனை, இத்தனை மணி நேரம் என்று தனக்குத் தெரிந்த ஒரே விதத்தில் விளக்க ஆரம்பித்தார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். கோர்ட்டில் பெஞ்சை விட்டு எழாதவன் அங்கே நகர்ந்தேன். நான் முன்னால் போனேன்.

"தாயி, அதை அளந்தவன் நான்தான். டாக்டர் இல்ல. நான் தப்பா அளந்துட்டேன். உங்கய்யா ஒன் தலைமேல பண்ணுன சத்தியம் பொய்யில்ல."

அவள் என்னை வையவில்லை. வைதிருந்தால் தேவலை. சேலை முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். உள்ளே சட்டி உருளும் சத்தம் கேட்டது. முத்துக்கருப்பன் கை மட்டும் காம்பு கிள்ளாமல் அப்படியே நின்றிருந்தது. நாங்கள் கிளம்புவதா நிற்பதா என்று தெரியாமல் வெயிலில் நின்றோம்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் வாசலுக்கு வந்து தகப்பனைப் பார்த்தாள்.

"அய்யா, கஞ்சி ஊத்தி வச்சிருக்கேன். வாங்க."

அவர் மடியிலிருந்த மிளகாய் எல்லாம் கீழே சிந்த எழுந்தார். டாக்டர் ரஹீம் கோட்டுப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்து, சின்ன நோட்டில் மணியையும் நிமிஷத்தையும் எழுதிக்கொண்டார்.